மங்கு வேறு, பச்சை வேறு

கீரனூருக்கும் புதுக்கோட்டைக்கும் நடுவே, மொட்டைப் பாறைக் குன்றுகளின் அடிவாரத்தில் இருக்கிறது நார்த்தாமலை. மேலமலையில் விஜயாலய சோழீச்சரம், கீழே முத்துமாரியம்மன் கோயில். கல்வெட்டும் கட்டடக்கலையும் தேடி வருகிறவர்கள் மலை ஏறுவார்கள். மாவட்டத்து மக்களில் பெரும்பாலோர் தேடி வருவது அம்மனைத்தான். பங்குனித் திருவிழாவுக்குச் சுற்றுவட்டாரமே திரண்டு வரும். அம்மை கண்டால் வேப்பிலை கட்டுவதும், இறங்கியதும் அம்மனுக்கு நேர்த்திக்கடன் செலுத்துவதும் இந்த ஊர்களில் தலைமுறை தலைமுறையாக நடப்பவை. தோலில் வந்த நோய்க்கும் அது விட்டுப்போன வடுவுக்கும் மக்கள் முதலில் முறையிட்ட இடம் மாரியம்மன் சன்னதிதான். பெரியம்மை இந்தியாவை விட்டு நீங்கியதாக உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது 1977-ல். தோலைப் பற்றிய கவலை மட்டும் நீங்கவில்லை. இன்று அது வேறு வாசல்களைத் தட்டுகிறது.

தேர்க்கூட்டத்தில் நிற்கும் மனிதர்களின் தோலைக் கவனித்தால் அந்தக் கவலைகள் கண்ணில் படும். முன்கையில் கோலமும் புள்ளியுமாகப் பச்சை குத்திக்கொண்ட பாட்டிமார்கள். கழுத்திலும் மேற்கையிலும் காதலியின் பெயரையோ நடிகரின் முகத்தையோ சாதித் தலைவரின் படத்தையோ வரைந்துகொண்ட இருபது வயதுப் பையன்கள். நாற்று நடவிலும் நூறு நாள் வேலையிலும் வெயிலில் நின்று இரண்டு கன்னத்திலும் மங்கு படர்ந்த பெண்கள். இவர்களில் யாருக்கு லேசர் வேண்டும், யாருக்கு வேண்டாம், யாரை அதன் அருகிலேயே விடக்கூடாது என்பதற்கு மருத்துவத்தில் தெளிவான விடைகள் உண்டு. நகரத்து அழகு நிலையங்களின் விளம்பரப் பலகைகளில் அந்த வேறுபாடு எதுவும் கிடையாது. மங்கு, கருந்திட்டு, பச்சை, மச்சம் எல்லாவற்றுக்கும் ஒரே கருவி, ஒரே வாக்குறுதி. இந்தக் கட்டுரையின் வாதம் இதுதான்: லேசரை அழகு வியாபாரத்தின் கையிலிருந்து எடுத்து, தோல் மருத்துவரின் கையில், அதுவும் அரசு மருத்துவமனையில், தேவைப்படுகிறவருக்குக் கட்டணமின்றிக் கிடைக்கும்படி வைக்க வேண்டும்.

முதலில் பச்சையைப் பார்க்கலாம். தமிழ்நாட்டில் பச்சை குத்துவது புதுப் பழக்கம் அல்ல. குறத்திகள் ஊர் ஊராகச் சென்று, விளக்குக் கரியையும் இலைச்சாற்றையும் குழைத்து, ஊசிகளைச் சேர்த்துக் கட்டிக் குத்திய காலம் ஒன்று இருந்தது. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் அதைப் பற்றி விரிவான குறிப்புகள் எழுதியிருக்கிறார். குத்திக்கொண்டவர்களுக்கு அது நகை. செத்தாலும் கழற்ற முடியாத நகை என்று பெருமையாகச் சொல்லுவார்கள். அதே ஊசியை ஆங்கிலேயர் தண்டனைக் கருவியாகவும் ஆக்கினார்கள். ஆயுள் தண்டனைக் கைதிகளின் நெற்றியில் குற்றத்தைப் பச்சை குத்தும் வழக்கம் வங்காளத்தில் 1797-ல் சட்டமாகி, 1802-ல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது, 1849-ல்தான் ஒழிந்தது. அப்படிக் குத்தப்பட்டவர்கள் தலைப்பாகையை நெற்றிவரை இறக்கிக் கட்டி எழுத்தை மறைத்தார்கள். தோலில் எழுதியதை அழிக்கத் துடிக்கும் மனிதன் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறான். கி.பி. 6-ம் நூற்றாண்டிலேயே ஏட்டியஸ் என்ற கிரேக்க மருத்துவர் உப்பை வைத்துத் தேய்த்துப் பச்சையை அழிக்கும் முறையை எழுதி வைத்தார்.

வருத்தம் என்னவென்றால், அந்த உப்பு முறை இன்னும் சாகவில்லை. ராணுவத்துக்கோ துணை ராணுவத்துக்கோ ஆள் எடுக்கிறார்கள் என்று அறிவிப்பு வந்ததும், கையில் பச்சை உள்ள பையன்கள் கல் உப்பையும் அமிலத்தையும் தேடுகிறார்கள். சூடான கம்பியை வைத்துப் பொசுக்கிக்கொள்பவர்களும் உண்டு. பச்சை போய்விடும்; அந்த இடத்தில் தடித்த தழும்பு மிஞ்சும்.

அந்தப் பதற்றத்துக்குக் காரணம் இருக்கிறது. இந்திய ராணுவத்தில் பச்சைக்கு அனுமதியுள்ள இடங்கள் இரண்டுதான்: முழங்கை உட்புறத்திலிருந்து மணிக்கட்டு வரை முன்கையின் உள்பக்கம், அப்புறம் புறங்கை. பழங்குடியினருக்கு மட்டும் அவர்கள் வழக்கப்படி விலக்கு உண்டு. மத்திய ஆயுதக் காவல் படைகளின் விதி இன்னும் இறுக்கமானது. சல்யூட் அடிக்காத இடது முன்கையின் உள்பக்கத்திலோ புறங்கையிலோ இருக்கலாம். அந்த உறுப்பின் அளவில் கால் பங்குக்குக் குறைவாக இருக்க வேண்டும். மதச் சின்னமோ பெயரோ இருந்தால் ஏற்பார்கள். மற்றபடி ஓட்டத்தில் முதலாவதாக வந்தாலும் மருத்துவத் தேர்வில் வெளியேதான். வானம் பார்த்த பூமியான புதுக்கோட்டை மாவட்டத்தில் அரசுச் சீருடை என்பது ஒரு குடும்பத்தையே கரையேற்றும் வேலை. பதினாறு வயதில் திருவிழாக் கடையில் சில நூறு ரூபாய்க்குக் குத்திக்கொண்ட ஓர் எழுத்து, இருபது வயதில் அந்தக் கதவை அடைத்துவிடுகிறது.

2024 நவம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் இப்படிப்பட்ட ஒரு வழக்கில் தேர்வரின் பக்கம் நின்றது. டெல்லி காவல்துறையில் காவலர் பணிக்கு விண்ணப்பித்த ஒருவரை, வலது முன்கையில் இருந்த பச்சையைக் காட்டி நிராகரித்திருந்தார்கள். அவர் அதை அகற்றும் சிகிச்சை எடுத்து, கண்ணுக்கு ஏறக்குறைய தெரியாத அளவுக்கு மங்கியிருந்தது. மங்கிப்போன தடத்துக்காக வேலையை மறுப்பது நியாயமில்லை என்று நீதிமன்றம் கருதியது. நல்ல தீர்ப்பு. ஆனால் டெல்லி வரை வழக்கு நடத்த வசதி எத்தனை பேருக்கு இருக்கும்? ஒரு வழக்கறிஞருக்குக் கொடுக்கும் பணத்தைவிடக் குறைவான செலவில் அரசே அந்தப் பச்சையை அகற்றிக் கொடுத்துவிடலாம்.

லேசர் எப்படி வேலை செய்கிறது என்பது தெரிந்தால், அதை யார் கையில் கொடுக்கக் கூடாது என்பதும் புரியும். தியோடர் மைமன் முதல் லேசரை ஒளிரவைத்தது 1960-ல். அந்தப் பத்தாண்டிலேயே அமெரிக்கத் தோல் மருத்துவர் லியோன் கோல்ட்மன் அதைப் பச்சையின் மீது சோதித்துப் பார்த்தார். ஆயினும் சுட்டுப் புண்ணாக்காமல் நிறமியை மட்டும் தாக்குவதற்கான கோட்பாடு தெளிவானது 1983-ல்தான். ஹார்வர்டைச் சேர்ந்த ராக்ஸ் ஆண்டர்சன், ஜான் பாரிஷ் இருவரும் ‘சயின்ஸ்’ இதழில் அதை எழுதினார்கள். ஒரு நிறமி விரும்பி உறிஞ்சும் அலைநீளத்தில், சூடு பக்கத்துத் திசுவுக்குப் பரவ நேரம் கிடைக்காத அளவு குறுகிய துடிப்பாக ஒளியைச் செலுத்தினால், நிறமி மட்டும் சிதையும், தோல் பிழைக்கும். நார்த்தாமலைப் பக்கத்துக் குவாரிகளில் பாறையை உருக்கியா எடுக்கிறார்கள்? வெடி வைத்து நொடியில் பிளக்கிறார்கள். லேசர் மைத்துகளைச் செய்வதும் அதுதான். இன்று பரவலாக உள்ள க்யூ-ஸ்விட்ச் லேசரின் துடிப்பு சில நானோ விநாடி, அதாவது ஒரு விநாடியின் நூறு கோடியில் சில பங்கு. 2012-க்குப் பிறகு சந்தைக்கு வந்த பிகோ விநாடி லேசர்கள் அதையும்விடப் பல மடங்கு குறுகியவை.

உடைந்த துகள்களை வெளியேற்றுவது லேசரின் வேலை அல்ல; உடம்பின் வேலை. தோலுக்குள் அந்நியப் பொருளை விழுங்கி வைத்துக்கொள்ளும் செல்கள் இருக்கின்றன. பச்சை இத்தனை வருடம் அழியாமல் நிற்பதற்கே அவைதான் காரணம். ஒரு செல் செத்தால் அது கக்கும் மையை அடுத்த செல் விழுங்கிக்கொள்கிறது என்று பிரான்சின் மார்செய் நகர ஆய்வாளர்கள் 2018-ல் எலிகளில் காட்டினார்கள். பாட்டியின் கையில் ஐம்பது வருடமாக இருக்கும் புள்ளி ஒரே இடத்தில் அசையாமல் கிடக்கும் கறை அல்ல. கைமாறிக் கைமாறிக் காக்கப்படும் கரி. லேசர் அதைப் பொடியாக்கினால் நிணநீர் கொஞ்சம் கொஞ்சமாக அள்ளிச் செல்லும். அதற்கு அவகாசம் வேண்டும். அதனால்தான் இரண்டு அமர்வுகளுக்கு இடையே ஆறு முதல் எட்டு வாரம் விடுகிறார்கள். ஒரே வாரத்தில் பச்சையைப் போக்குவோம் என்று யாராவது சொன்னால், அவர் தோலைச் சுடப்போகிறார் என்று அர்த்தம்.

எத்தனை அமர்வு தேவைப்படும் என்பதைக் கணிக்க 2009-ல் கர்பி, தேசாய் என்ற இரு மருத்துவர்கள் ஓர் அளவுகோல் தந்தார்கள். தோலின் நிறம், பச்சை இருக்கும் இடம், மையின் அளவு, அதன் வண்ணங்கள், தழும்பு, ஒன்றின் மேல் ஒன்றாகக் குத்தியிருக்கிறதா என்ற ஆறு கேள்விகள் அதில் உண்டு. கரி மட்டும் வைத்துக் கையால் குத்திய பழைய பச்சை லேசருக்குச் சீக்கிரம் வழிவிடும். பல வண்ண இயந்திரப் பச்சைதான் பிடிவாதமானது. பச்சை, நீலம், மஞ்சள் ஒவ்வொன்றும் வேறு வேறு அலைநீளம் கேட்கும். வெள்ளை, ரோஜா நிற மைகளில் டைட்டானியம் டை ஆக்சைடோ இரும்பு ஆக்சைடோ இருந்தால், லேசர் பட்டதும் அவை கறுத்துவிடுவதும் உண்டு. பாட்டிமார்கள் யாரும் தங்கள் கரிப் பச்சையை அழிக்கச் சொல்லிக் கேட்பதில்லை என்பது வேறு விஷயம். கேட்காதவரை அது அப்படியே இருக்கட்டும்.

இனி மங்கு. இங்கேதான் ஆபத்து அதிகம்.

கருவிக்கு மைக்கும், தோலுக்கு நிறம் தரும் மெலனினுக்கும் வித்தியாசம் தெரியாது. எது கறுப்போ அதைத் தாக்கும். தோலின் நிறத்தை ஆறு வகையாகப் பிரிக்கும், 1975-ல் தாமஸ் ஃபிட்ஸ்பேட்ரிக் தொடங்கிய வகைப்பாடுதான் இன்றும் உலகம் முழுக்கப் பயன்படுகிறது. அது முதலில் வெள்ளைத் தோலை மனத்தில் வைத்தே எழுந்தது. பழுப்புக்கும் கறுப்புக்குமான ஐந்தாம், ஆறாம் வகைகள் பின்னால் சேர்ந்தவை. தமிழர் தோல் பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வரை. வெள்ளைத் தோலுக்கான அளவில் வைத்த கருவியை அப்படியே இங்கே சுட்டால், மேல்தோலின் மெலனின் ஒளியை முழுக்கக் குடித்துக் கொப்பளிக்கும். ஆறிய பின் அந்த இடம் முன்னைவிடக் கறுக்கும். அல்லது நிரந்தரமாக வெளுக்கும். கறுப்புத் தோலுக்கு ஓரளவு பாதுகாப்பானது 1064 நானோமீட்டர் என்டி-யாக் லேசர், ஏனென்றால் அந்த நீண்ட அலையை மெலனின் குறைவாகவே உறிஞ்சும். எந்த அலைநீளம், எவ்வளவு ஆற்றல், எத்தனை வார இடைவெளி என்று முடிவெடுப்பது மருத்துவம். விசையை அமுக்குவது மட்டும்தான் சிகிச்சை என்று நினைப்பது பெரும் பிழை.

மங்கின் கதை இன்னும் சிக்கல். கர்ப்பத்திலும் கருத்தடை மாத்திரையிலும் மாறும் ஹார்மோன், பரம்பரை, வெயில் மூன்றும் சேர்ந்து நிறமிச் செல்களைத் தூண்டிவிடுவதால் வருவது அது. லேசர் இருக்கும் மெலனினை உடைக்கலாம். சுரக்கும் செல்லின் தூண்டுதலை நிறுத்தாது. அதோடு லேசரின் சூடே அந்தச் செல்லை மேலும் உசுப்பிவிடலாம். ஆகவே மங்குக்கு லேசர் முதல் சிகிச்சை அல்ல என்பதே தோல் மருத்துவர்களின் பொதுக் கருத்து. அழகு நிலையங்களோ ‘லேசர் டோனிங்’ என்ற பெயரில் குறைந்த ஆற்றலில் வாராவாரம் சுடுகின்றன. சில வாரம் முகம் பளிச்சென்று இருக்கும். நிறுத்தியதும் மங்கு திரும்பும். அளவுக்கு மீறிச் சுட்டவர்களுக்கு, கறுப்பின் நடுவே மழைத்துளி தெறித்தாற்போல வெள்ளைப் புள்ளிகளும் விழுகின்றன. அவற்றுக்குத் திரும்ப நிறமேற்றுவது மங்கைக் குறைப்பதைவிடக் கடினம். நடவு வயலிலும் கல்குவாரியிலும் நிற்கிற பெண்ணிடம் ஒவ்வொரு அமர்வுக்கும் ஆயிரக்கணக்கில் பணம் வாங்கிக்கொண்டு, மறுநாள் அதே வெயிலுக்கு அனுப்புவதைச் சிகிச்சை என்று சொல்ல முடியாது. அவளுக்கு வேண்டியது அகலமான முண்டாசு, முகத்தை மூடும் துண்டு, வெயில் தடுப்புக் களிம்பு, மருத்துவர் எழுதிய மருந்து, முக்கியமாக இது குற்றமோ குறையோ அல்ல என்று சொல்லும் ஒரு வார்த்தை. வெயில் தடுப்புக் களிம்பிலும் ஒரு நுணுக்கம் உண்டு: கண்ணுக்குத் தெரியும் ஒளியே கறுப்புத் தோலில் மங்கை அதிகமாக்கும் என்பதால், இரும்பு ஆக்சைடு கலந்த, தோல் நிறம் கொண்ட களிம்புதான் அதிகம் உதவும்.

மருந்துக் கடையிலேயே தாமாக வாங்கிப் பூசுகிறவர்களின் நிலைமை லேசருக்குப் போகிறவர்களைவிட மோசம். சிவப்பழகுக் களிம்பு என்று நினைத்து ஸ்டீராய்டு கலந்த களிம்பை மாதக்கணக்கில் தடவியவர்களின் தோல் மெலிந்து, ரத்தக் குழாய் தெரிந்து, களிம்பை நிறுத்தினால் எரிந்து சிவக்கிறது. இந்தியத் தோல் மருத்துவர் சங்கம் பல ஆண்டுகள் போராடிய பிறகு, 2018 மார்ச்சில் 14 ஸ்டீராய்டு மருந்துகளின் களிம்புகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு அறிவித்தது. ஊர்க் கடைகளில் அவை இன்னும் சாதாரணமாகக் கைமாறுகின்றன. 2023-ல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் சிலருக்குச் சிறுநீரகம் பழுதானதைத் தொடர்ந்து மருத்துவர்கள் விசாரித்தபோது, அவர்கள் பூசிய வெளுப்புக் களிம்பில் இருந்த பாதரசம் வெளிப்பட்டது. இப்படி ஏற்கெனவே மெலிந்துபோன தோலில் லேசர் பட்டால் என்ன ஆகும் என்பதை யாரும் கேட்டுப் பார்ப்பதில்லை. கேட்கத் தெரிந்தவர் அழகு நிலையத்தில் இருப்பதில்லை.

லேசரை நாடக் கூடாத இடத்துக்குக் கழுத்துக் கருமை இன்னொரு உதாரணம். பின்கழுத்திலும் அக்குளிலும் வெல்வெட்டுப் போலத் தடித்துக் கறுப்பது பெரும்பாலும் அழுக்கும் அல்ல, வெயிலும் அல்ல. உடம்பு இன்சுலினுக்குச் செவிசாய்க்க மறுக்கிறது என்ற எச்சரிக்கை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2023 ஆய்வுப்படி நாட்டில் 10.1 கோடி பேருக்குச் சர்க்கரை நோய். அந்தப் பட்டியலில் சேரப்போகிற ஒரு பதினைந்து வயதுப் பெண்ணின் கழுத்தை லேசரால் வெளுக்க வைத்து அனுப்பினால், உடம்பு கொடுத்த முன்னறிவிப்பையே அழித்ததாக ஆகும். உணர்ச்சியற்ற வெளிர்ந்த தேமல் தொழுநோயின் முதல் அடையாளமாக இருக்கலாம். அதற்குரிய கூட்டு மருந்து அரசு மருத்துவமனையில் இலவசம். இவற்றைப் பிரித்தறிய ஒரு மருத்துவரின் கண்ணுக்குச் சில நிமிடம் போதும். அழகு நிலையத்தில் அந்தக் கண் இல்லை.

லேசர் உண்மையிலேயே வாழ்வை மாற்றும் இடங்களும் உண்டு. ஒரு பக்கக் கண்ணைச் சுற்றியும் கன்னத்திலும் நீலச் சாம்பலாகப் படரும் பிறவிக் கறை ஒன்று இருக்கிறது. 1939-ல் அதை விவரித்த ஜப்பானிய மருத்துவர் ஓட்டாவின் பெயரால் அறியப்படுவது. களிம்புக்கு அது அசையாது. க்யூ-ஸ்விட்ச் லேசருக்குப் படிப்படியாக மறையும். பெண் பார்க்க வருகிறவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவதைப் பார்த்து வளர்ந்த ஒரு பெண்ணுக்கு அதை மறுப்பது கொடுமை. மங்கு உள்ள பெண்ணிடம் லேசர் வேண்டாம் என்று சொல்லும் அதே மருத்துவர், இவளுக்குத் தயங்காமல் லேசர் எழுதுவார்.

கட்டுப்பாடு இல்லாத இடங்களில் என்ன நடக்கிறது என்பதற்குத் தமிழ்நாடே சாட்சி. 2016-ல் சென்னையில் முடி மாற்றுச் சிகிச்சை எடுத்துக்கொண்ட மருத்துவ மாணவர் ஒருவர் உயிரிழந்தார். அந்த மையத்தின் கையில் இருந்தது முடிதிருத்தும் நிலைய உரிமம் மட்டுமே என்று பின்னர் வெளியே வந்தது. 2024 டிசம்பரில் திருச்சி மேலச்சிந்தாமணியில் ஒரு டாட்டூ கடையில் இளைஞர்களின் நாக்கைப் பிளந்து வண்ணம் ஏற்றியிருக்கிறார்கள். காவல்துறை இருவரைக் கைது செய்தது, மாநகராட்சி கடைக்குச் சீல் வைத்தது. நார்த்தாமலையிலிருந்து அந்த இடத்துக்குப் பேருந்தில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும். அழகியல் சிகிச்சைகளை யூடியூபைப் பார்த்தோ பயிலரங்கில் உட்கார்ந்தோ கற்றுக்கொண்டு தொடங்கக் கூடாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் மருத்துவர்களுக்கே அறிவுறுத்தியது. மருத்துவரே அல்லாதவர் லேசர் பிடிப்பதைப் பற்றி அப்புறம் பேசவும் வேண்டுமா?

ஒவ்வொரு முறையும் ஒரு விபரீதம் நடந்த பிறகு சீல் வைப்பது நிர்வாகம் ஆகாது. உள்ளாட்சி உரிமத்தில் அழகு நிலையம் வேறு, லேசர் சிகிச்சை வேறு என்று பிரித்து எழுத வேண்டும். தோலைத் துளைக்கும், சுடும் எந்தக் கருவியும் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்ற இடத்தில், தகுதியுள்ள மருத்துவரின் பொறுப்பில் மட்டுமே இயங்க வேண்டும். லேசரை இயக்கியவரின் பெயரும், பயன்படுத்திய அலைநீளமும் ஆற்றலும் நோயாளியின் கையில் சீட்டாகக் கிடைக்க வேண்டும்; பிறகு ஏதாவது ஆனால் அடுத்த மருத்துவருக்கு அந்தச் சீட்டே வழி காட்டும்.

இதையெல்லாம் தடையாக மட்டும் செய்தால் ஏழைக்கு இருந்த ஒரு வாசலும் அடைபடும். எனவே அரசு மருத்துவமனையில் அந்த வாசலைத் திறந்தாக வேண்டும். புதுக்கோட்டையில் 2017 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. திருச்சியில் மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை இருக்கிறது. இரண்டிலும் வாரத்தில் ஒரு நாள் பச்சை அகற்றும் சிகிச்சைக்கென்று ஒதுக்கி, அந்த நாளை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். படைகளில் சேர விண்ணப்பிக்கும் ஏழைக் குடும்பத்துப் பையன்களுக்கும் பெண்களுக்கும் முன்னுரிமை கொடுக்க வேண்டும். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கு வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் ஊழியர்கள் கழுத்துக் கருமையையும் உணர்வற்ற தேமலையும் கூடவே கவனித்துப் பரிந்துரைக்கலாம்; தனியாக ஒரு திட்டம் வேண்டியதில்லை.

பச்சை உள்ளவர்களுக்குக் காலக்கணக்கு முக்கியம். எட்டு அமர்வு, நடுவில் எட்டெட்டு வாரம் என்று வைத்துக்கொண்டாலே ஒரு வருடத்தைத் தாண்டிவிடும். கடைசி அமர்வுக்குப் பிறகு தோல் ஆறவும் சில மாதம் தேவை. ஆள் சேர்ப்பு அறிவிப்பு வந்ததும் ஓடுகிறவருக்கு அந்த அவகாசம் கிடைக்காது; அமிலம் விற்கிறவரிடம்தான் போய் நிற்பார். பிளஸ் ஒன் படிக்கும்போதே கையில் பச்சையோடு இருக்கும் மாணவரை அழைத்து, எந்தப் படைக்கு எந்த இடத்துப் பச்சை தடை, எப்போது சிகிச்சையைத் தொடங்கினால் பிளஸ் டூ முடிந்து தேர்வுக்குள் கை தெளியும் என்று சொல்லிவிட வேண்டும். கீரனூரிலும் அன்னவாசலிலும் உள்ள மேல்நிலைப் பள்ளிகளுக்கு மருத்துவக் கல்லூரியிலிருந்து ஒரு தோல் மருத்துவர் ஆண்டுக்கு ஒருமுறை, பங்குனித் திருவிழாவுக்கு முன்பே, வந்துபோனால் புதிதாகக் குத்திக்கொள்ளப் போகிறவர்களுக்கும் அது காதில் விழும்.